உழுதவன் பெயர் எந்தக் கணக்கில்?

அமாவாசை தினத்தன்று காஞ்சீபுரம் சர்வதீர்த்தக் குளக்கரையில் சிறிது நேரம் நின்று பார்த்தால் ஓர் உண்மை விளங்கும். எள்ளும் நீரும் இறைத்துத் தர்ப்பணம் செய்கிறவர்கள் தந்தை, பாட்டன், பாட்டனின் தந்தை ஆகிய மூவரின் பெயர்களைச் சொல்லுகிறார்கள். அதற்கு மேல் சாஸ்திரமும் கேட்பதில்லை. சொல்லுகிறவர்களில் பெரும்பாலோருக்குத் தெரிவதுமில்லை. இன்று ஐம்பது அறுபது வயதுள்ள ஒருவர் மூன்றாவதாகச் சொல்லும் பெயர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிறந்த ஒருவருடையதாகவே பெரும்பாலும் இருக்கும். அவர் எந்த ஏரியின் கீழ் எத்தனை காணி பயிரிட்டார், எவ்வளவு தீர்வை செலுத்தினார், பஞ்ச காலத்தில் எப்படிப் பிழைத்தார் என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் நூற்றுக்கு எத்தனை பேர்?

வம்ச சரித்திரம் என்பது அரசர்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் மடாதிபதிகளுக்குமே உரிய அலங்காரம் என்று ஓர் எண்ணம் நமது நாட்டில் வெகுகாலமாக வேரூன்றியிருக்கிறது. குடியானவனுக்கு ஏது சரித்திரம் என்று ஏளனம் செய்வோரும் உண்டு. இவ்வெண்ணம் தவறானது. தவறானது மட்டுமன்று, சிலருடைய உரிமைக்கே உலை வைக்கக்கூடியது என்பதைச் சமீபத்தில் நேர்ந்த ஓர் அனுபவத்தினால் அறிந்துகொண்டோம்.

குடும்ப ஆஸ்தி சம்பந்தமான ஒரு காரியத்தை முன்னிட்டு, காஞ்சீபுரத்தை அடுத்த ஒரு கிராமத்தில் விவசாயம் செய்துவந்த எமது முன்னோர் ஒருவரைப் பற்றிய தஸ்தாவேஜுகளைத் தேட நேர்ந்தது. அவருடைய பெயர், பட்டா நம்பர், நஞ்செய் புஞ்செய் விஸ்தீரணம், தீர்வை, பாசனம் தரும் ஏரி ஆகிய அனைத்தும் அரை நாளில் அகப்பட்டுவிட்டன. இதைக் கேள்வியுற்று, அதே கிராமத்தின் காலனியில் வசிக்கும் பெரியவர் ஒருவர் எமது ஆபீசுக்கு வந்தார்.

“ஐயா, உங்கள் பாட்டனார் நிலத்தில் ஏர் பிடித்தவர் எங்கள் பாட்டனார். உங்களவர் பெயரைக் கண்டுபிடித்ததுபோல் எங்களவர் பெயரையும் பார்த்துச் சொல்ல வேண்டும். ஏரிக்குக் கிழக்கே மேட்டில் உள்ள நிலம் வெள்ளைக்காரன் காலத்தில் எங்களுக்குக் கொடுத்தது என்று எங்கள் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்” என்றார்.

“உட்காருங்கள் பெரியவரே, பார்ப்போம்” என்று சொன்னோம். அரை நாளில் முடியும் என்றுதான் நினைத்தோம். பல மாதங்கள் சென்றும் அவருடைய பாட்டனார் பெயர் எந்த ரிஜிஸ்தரிலும் அகப்படவில்லை. ஒரே ஏரியின் தண்ணீரில், ஒரே வயலில், ஒரே காலத்தில் நின்ற இரண்டு மனிதர்களில் ஒருவருக்குக் கணக்கில் இடம் இருந்தது, மற்றவருக்கு இல்லை. இது ஏன் என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லிலும் ஓலையிலும்

காஞ்சி மண்டலத்தில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. வரதராஜப் பெருமாள் கோயிலிலும் ஏகாம்பரநாதர் கோயிலிலும் சுவர் சுவராகக் கல்வெட்டுக்கள் இருக்கின்றன. நிலத்தைக் கொடுத்தவர், பெற்றுக்கொண்டவர், நான்கெல்லை, நீர்பாயும் வாய்க்கால் ஆகியவை அவற்றில் விவரமாகச் சொல்லப்படுகின்றன. காஞ்சிக்குத் தெற்கேயுள்ள உத்திரமேரூரில், முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921ஆம் ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட குடவோலைச் சாசனங்களைப் பற்றி நாம் மேடைகளில் பெருமையுடன் பேசாத நாளில்லை. அந்தப் பெருமை நியாயமானதே. ஆனால் அதே சாசனத்தின்படி, சபையின் வாரியங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்படுவதற்கு இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு இருக்க வேண்டும். நிலத்தை உடையவனுக்குக் குடத்தில் ஓலை உண்டு. அந்த நிலத்தை உழுதவனுக்கு இல்லை. ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின் நாம் ரிஜிஸ்தரில் கண்ட வித்தியாசம் அங்கேயே ஆரம்பமாகிவிடுகிறது.

கல்லுக்குப் பின் ஓலை. 1763இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி, காஞ்சி உள்ளிட்ட இப்பிரதேசத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தான். ஜாகீரின் மகசூல் எவ்வளவு என்று அறிய விரும்பிய கம்பெனியார், பர்னார்டு என்ற என்ஜினீயரைக்கொண்டு 1767 முதல் 1774 வரை ஸர்வே செய்வித்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்கள் அதில் அடங்கின. கிராமக் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதிய விவரங்களே அதற்கு ஆதாரம். காந்தீயவாதியும் சரித்திர ஆராய்ச்சியாளருமான தரம்பால் இந்தக் கணக்குகளின் மதிப்பை நாட்டுக்கு எடுத்துரைத்த பிறகு, சென்னையிலுள்ள கொள்கை ஆய்வு மையத்தார் அவற்றைப் பரிசோதித்து, திருப்போரூர், வடக்குப்பட்டு ஆகிய ஊர்களின் கணக்குகளை 2001இல் புத்தகமாக வெளியிட்டனர்.

அந்தக் கணக்குகளில் ஒரு கிராமத்தில் எத்தனை வீடுகள், எந்தெந்தத் தொழில் செய்வோர், எத்தனை ஏரி குளம், எவ்வளவு மானியம் என்பவை காணப்படுகின்றன. அவற்றைவிட முக்கியமானது, விளைந்த நெல்லைச் சர்க்காரும் மிராசுதாரும் பங்கிடுவதற்கு முன்னதாகவே கோயிலுக்கும், கணக்கனுக்கும், தலையாரிக்கும், கொல்லன், தச்சன், குயவன், வண்ணான், நாவிதன், வெட்டியான் ஆகியோருக்கும் களத்தில் அளந்து கொடுக்கப்பட்ட பங்கு. இந்தப் பங்குக்கு அக்காலத்தார் வைத்த பெயர் ‘சுதந்திரம்’. எந்தச் சொல்லைச் சொல்லி நமது முன்னோர் சிறை சென்றார்களோ, அந்தச் சொல்லுக்குச் செங்கற்பட்டுக் களத்துமேட்டில் பொருள், உழைப்பவனுக்கு உரிமையாகச் சேரவேண்டிய நெல் என்பதே. வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்.

காணியாட்சியும் பட்டாவும்

ஓலையில் இருந்த ஒழுங்கு வெகுநாள் நிலைக்கவில்லை. 1780 செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிக்கு அருகில் புள்ளலூரில் ஹைதர் அலியின் சைனியம் பெய்லியின் படையை முறியடித்தது. அந்த யுத்தத்தில் இப்பிரதேசம் முழுவதும் சூறையாடப்பட்டது, ஏரிகள் உடைந்தன, குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். யுத்தத்துக்குப் பின் திரும்பி வந்தவர்கள் யார், வராதவர்கள் யார், வராதவர்களின் காணியில் புகுந்தவர்கள் யார் என்ற தகராறுகள் பல ஆண்டுகள் நீடித்தன. எங்கள் குடும்பம் ஆதி முதல் இவ்வூரில்தான் இருக்கிறது என்று கூறிக்கொள்ளும் குடும்பங்களில் சில, இந்தக் குழப்பத்துக்குப் பின் வந்தவையாக இருக்கக்கூடும். முன்னோரைத் தேடுகிறவர்கள் இதற்குத் தயாராக இருக்க வேண்டும்.

1794 முதல் 1798 வரை கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், ஏரிகளைச் செப்பனிட்டுக் குடிகளைத் திரும்பக் குடியேற்றினார். வரதராஜர் கோயிலுக்கு அவர் ஆபரணம் சமர்ப்பித்த கதையைக் காஞ்சியில் இன்றும் சொல்லுகிறார்கள். அதே பிளேஸ், தமது ஏற்பாட்டுக்கு இணங்காத மிராசுதாரர்களை நீக்கிப் பாயகாரிகளை அமர்த்தவும் தயங்கவில்லை. இவ்வாறு எழுந்த வழக்குகளின் பயனாகவே, காணியாட்சி என்றால் என்ன என்ற கேள்வி சர்க்காருக்கு முக்கியமாயிற்று. தமிழ் கற்ற கலெக்டர் எல்லிஸ், மிராசுரிமையைப் பற்றி 1814இல் எழுதிய பதில்கள் 1818இல் அச்சாயின. தொண்டைமண்டலத்து நிலவுரிமையைப் பற்றி இன்றும் அவை முக்கியமான ஆதாரம்.

காணியாட்சிக்காரன் ஊரின் பங்காளி. அவனுக்கு விற்கவும் அடகு வைக்கவும் உரிமை உண்டு. உள்குடிப் பாயகாரி, ஊரிலேயே குடியிருந்து வாரத்துக்கோ குத்தகைக்கோ பயிர் செய்கிறவன். பரகுடிப் பாயகாரி, வெளியூரிலிருந்து வந்து பயிர் செய்துவிட்டுப் போகிறவன். இவர்களுக்கெல்லாம் கீழே படியாள். 1802இல் செய்யப்பட்ட ஜமீன் ஏற்பாடு இந்த ஜில்லாவில் தோல்வியுற்றுப் படிப்படியாக ரயத்துவாரி முறை வந்தபோது, சர்க்கார் நேரே குடியானவனுடன் கணக்கு வைத்துக்கொள்கிறது என்று பறைசாற்றினார்கள். பட்டாவில் பெயர் எழுதப்பட்ட அந்தக் ‘குடியானவன்’ தீர்வை கட்டுகிறவனே அன்றி, ஏர் பிடிக்கிறவன் அல்லன். இருவரும் ஒருவராக இருந்த இடங்களும் உண்டு. சிறு குடியானவர்கள் பலர் தம் கையாலேயே உழுதவர்கள். இருவரும் வேறாக இருந்த இடங்களில் சர்க்காருக்குத் தேவைப்பட்டது முன்னவனுடைய பெயர் மட்டுமே. தீர்வை வராத பெயரை எழுதிவைப்பதில் துரைத்தனத்தாருக்கு என்ன லாபம்?

படியாளின் கதி

படியாள் என்பவன் யார்? கல்யாணத்துக்கோ கருமாதிக்கோ வாங்கிய சொற்பக் கடனுக்காகத் தன்னையும் தன் சந்ததியையும் ஒரு பண்ணையில் கட்டிப்போட்டவன். அவனே ஆஸ்தியாக எண்ணப்பட்டான். நிலத்தோடு ஆளையும் சேர்த்து விற்ற காலம் ஒன்று இந்த மண்ணில் இருந்தது. 1843ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டம், அடிமைத்தனத்தைக் கோர்ட்டுகள் உரிமையாக அங்கீகரிக்கக்கூடாது என்று விதித்தது. சட்டம் மாறியது, கடன் மாறவில்லை.

1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சத்தில் இந்த வித்தியாசம் உயிருக்கே வினையாக முடிந்தது. பட்டாதாரன் நகையை விற்றான், நிலத்தை அடகு வைத்தான். விற்பதற்கும் அடகு வைப்பதற்கும் உழைப்பைத் தவிர வேறொன்றுமில்லாதவன் நிவாரண வேலைக்கு நடந்தான். சென்னையில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பக்கிங்ஹாம் கால்வாய்ப் பகுதி அப்படி வந்த ஏழைகளின் கையால் வெட்டப்பட்டது. கால்வாய்க்குக் கவர்னரின் பெயர் கிடைத்தது. வெட்டியவர்களின் பெயரைச் சொல்லுவார் இல்லை. லட்சக்கணக்கான ஜனங்கள் மாண்ட பஞ்சத்தைப் பற்றித் தொகைகள் இருக்கின்றன. பெயர் வரிசை இல்லை. குடிமதிப்பு எடுத்தவர்கள் தலைகளை எண்ணித் தொகையைச் சேர்த்த பின் வீட்டுப் பட்டியல்களைப் பாதுகாத்து வைக்கவில்லை. பிறப்பு இறப்புகளைப் பதிவு செய்யும் சென்னை மாகாணச் சட்டமோ 1899இல்தான் வந்தது. ஆகவே பத்தொன்பதாம் நூற்றாண்டில் பட்டா இல்லாமல் பிறந்து, பட்டா இல்லாமல் இறந்த ஒருவனுக்கு அவன் ஊரிலேயே எழுத்து மூலமான அடையாளம் ஒன்றும் மிஞ்சாமற் போயிற்று.

கப்பல் ஜாபிதா

ஊரில் எழுதப்படாத பெயர் ஓரிடத்தில் எழுதப்பட்டது. 1860 அக்டோபரில் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘ட்ரூரோ’ என்ற கப்பல் 342 பேருடன் புறப்பட்டு நவம்பர் 16ஆம் தேதி டர்பன் போய்ச் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். செங்கற்பட்டும் வடஆற்காடும் அவர்களை அனுப்பிய ஜில்லாக்களில் முக்கியமானவை. மோரீஷஸுக்கு 1834 முதல் ஆட்கள் போயினர். பிஜித் தீவுக்கு 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன.

நேட்டால் கப்பல் ஜாபிதாவில் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் கொடுத்து, பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலிலுள்ள அங்க அடையாளம் ஆகியவற்றை எழுதினார்கள். பெண்களுக்கும் தனி நம்பர், தனிப் பெயர். மோரீஷஸில் 1860களிலிருந்து போட்டோப் படமும் எடுத்தார்கள். மோக்கா நகரில் மகாத்மா காந்தி ஸ்தாபனத்தில் அவை பாதுகாக்கப்படுகின்றன. எழுதியவர்கள் தமிழறியாதவர்களாதலால் ஊர்ப் பெயர்கள் உருக்குலைந்து கிடக்கின்றன. இருந்தபோதிலும் நான்கு தலைமுறைக்குப் பின் தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் பேரன்மார், அந்த ஜாபிதாவின் ஒரு வரியையும், தங்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லிவந்த குலதெய்வத்தின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு நமது கிராமங்களில் விசாரித்து வருகிறார்கள்.

இதைக்காட்டிலும் விபரீதம் வேறொன்று உண்டா? சொந்த ஊரில் பரம்பரையாக உழுதபோது பெயரற்றவனாக இருந்தவன், அந்நியன் தோட்டத்தில் கரும்பு வெட்டப் போனபோதுதான் தகப்பன் பெயரோடு கணக்கில் ஏறினான். அதுவும் அவன்மேல் கொண்ட மதிப்பினால் அன்று, ஓடிப்போனால் பிடித்துவருவதற்காக. அந்த மனிதர்கள் பட்ட பாட்டை, 1894இல் பல் உடைந்து, வாயில் ரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் பிடித்தபடி தம்முன் வந்து நின்ற பாலசுந்தரம் என்ற தமிழரின் மூலம் காந்தியடிகள் அறிந்தார். கோகலே 1910இலும் 1912இலும் சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானங்களும், நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியும் சேர்ந்து 1917இல் அந்த முறைக்கு முடிவு கட்டின. நமது தேசீய இயக்கத்தின் ஆரம்ப வெற்றிகளில் ஒன்று, பெயரில்லாத குடியானவனுக்காகப் பெற்றது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1892ஆம் வருஷத்து உத்தரவு

உள்ளூரிலும் ஒருமுறை அவன் பெயரை எழுதும் சந்தர்ப்பம் வந்தது. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்ஹீர், தம் ஜில்லாவிலுள்ள பறையர் வகுப்பாரின் நிலையைக் குறித்து 1891இல் சர்க்காருக்கு ஓர் அறிக்கை சமர்ப்பித்தார். தரிசு நிலத்துக்கு அவர்கள் தர்க்காஸ்து கொடுத்தால் மிராசுதாரர்கள் தங்கள் முன்னுரிமையைச் சொல்லித் தடுத்துவிடுகிறார்கள். குடியிருக்கும் மனையும் அவர்களுக்குச் சொந்தமில்லை. ஆகவே எதிர்த்துப் பேசினால் குடிசையை இழக்க நேரிடுகிறது என்று அவர் எடுத்துக்காட்டினார். இதன் விளைவாக 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண்ணுள்ள உத்தரவு பிறந்தது. தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையின் பேரில் நிலம் வழங்க ஏற்பாடாயிற்று. அவ்வாறு வழங்கப்பட்ட நிலத்தைப் பத்து ஆண்டுகளுக்குக் கைமாற்றக்கூடாது. அதன்பின் மாற்றினாலும் அதே வகுப்பாருக்கு மட்டுமே மாற்றலாம் என்பது நிபந்தனை. பஞ்சமி நிலம் என்று இன்று வழங்குவது இதுவே.

ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் தாமாகக் கருணை கொண்டு செய்த காரியம் என்று இதைக் கருதுவது பூரண உண்மையாகாது. இதே செங்கற்பட்டு ஜில்லாவில் கோழியாளம் கிராமத்தில் 1859இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், 1893இல் ‘பறையன்’ என்ற பெயரிலேயே பத்திரிகை நடத்தித் தம் மக்களின் குறைகளை வெளியிட்டார். பிற்காலத்தில் சென்னைச் சட்டசபையில் அங்கத்தினராகி, பொதுச் சாலைகளிலும் கிணறுகளிலும் அவர்களுக்குள்ள உரிமையை 1924இல் நிலைநாட்டச் செய்தார். லண்டன் வட்டமேஜை மகாநாட்டில் அம்பேத்காருடன் அமர்ந்தார். 1939இல் தமது ‘ஜீவிய சரித்திர சுருக்க’த்தையும் எழுதி அச்சிட்டார். கணக்கன் எழுதாத சரித்திரத்தைத் தானே எழுதிக்கொண்ட அந்தப் பத்திரிகாசிரியரின் முன்மாதிரியை எமது தொழிலைச் சேர்ந்தவர்கள் போதுமான அளவு போற்றவில்லை.

அவ்வாறு வழங்கப்பட்ட நிலங்கள் எத்தனையோ கைகள் மாறிவிட்டன. நிபந்தனையை அறியாமலும், அறிந்தும் அலட்சியம் செய்தும், கடனுக்கும் மிரட்டலுக்கும் அவை போயின. திருப்போரூருக்கு அருகிலுள்ள காரணை கிராமத்தில் இந்நிலத்தை மீட்கக் கிளர்ச்சி செய்தவர்கள்மீது 1994 அக்டோபர் 10ஆம் தேதி செங்கற்பட்டில் போலீசார் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தனர். வெள்ளையர் ஆட்சியில் எழுதிய ஒரு வரிக்காக, நாம் சுயராஜ்யம் பெற்று நாற்பத்தேழு ஆண்டுகளான பின் ரத்தம் சிந்தப்பட்டது. முப்பாட்டனைத் தேடுவது பொழுதுபோக்கு என்று சொல்லுகிறவர்கள் இதைச் சிந்திக்க வேண்டும்.

செய்ய வேண்டுவது

தேடுகிறவர்களுக்குச் சில வழிகளைச் சொல்லுவோம். முதலில் வீட்டிலுள்ள முதியோரிடம் குலதெய்வம், பெண் கொண்ட ஊர், பெண் கொடுத்த ஊர், வயலின் பெயர், ஏரியின் பெயர் ஆகியவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். குலதெய்வம் நிற்கும் ஊரே பெரும்பாலும் மூதாதையர் ஊர். பிறகு தாலுகா ஆபீசில் கிராமத்தின் ‘ஏ’ ரிஜிஸ்தரையும், பழைய செட்டில்மெண்ட் ரிஜிஸ்தரையும் பார்க்க வேண்டும். 1858இல் ஆரம்பித்த இனாம் கமிஷனின் ரிஜிஸ்தர்கள் கோயில் நிலத்துக்கும் மானியத்துக்கும் உதவும். விக்கிரயம், அடமானம் ஆகியவற்றுக்கு ரிஜிஸ்திரார் ஆபீஸ் புத்தகங்கள் 1860களிலிருந்து தொடங்குகின்றன. சென்னை எழும்பூரில் 1909இல் கட்டப்பட்ட மாகாணத் தஸ்தாவேஜு நிலையம், இன்றைய தமிழ்நாடு ஆவணக் காப்பகம், ரெவினியூ போர்டின் கடிதங்களை வைத்திருக்கிறது. பழைய பத்திரங்களில் காணும் காணி என்ற அளவு ஏறக்குறைய 1.32 ஏக்கர் என்பதை நினைவில் கொள்ளவேண்டும். 1979 முதல் 1987 வரை கணக்குகள் திருத்தப்பட்டிருப்பதால், இன்றைய நம்பரைக்கொண்டு பழைய நம்பரைக் கண்டுபிடிக்கப் பொறுமை வேண்டும். பரம்பரைக் கணக்கர் பதவி 1980 நவம்பரில் எடுக்கப்பட்டபின், அவர்கள் வாய்மொழியாக அறிந்திருந்த விவரங்களைச் சொல்லக்கூடியவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே தாமதம் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியதும் உண்டு. 1969இல் தமிழ்நாட்டுச் சட்டசபை, குத்தகைக்கு உழுகிறவனின் பெயரையும் பதிவு செய்ய வேண்டும் என்று தனிச் சட்டம் இயற்றியது. 1971இல் குடியிருப்பு மனையை அதில் வசிக்கும் விவசாயத் தொழிலாளிக்கே சொந்தமாக்கிச் சட்டம் செய்தது. டிரமென்ஹீர் எண்பது ஆண்டுகளுக்கு முன் காட்டிய குறைக்கு அதுவே முறையான பரிகாரம். உழுதவன் பெயர் எழுதப்பட வேண்டும் என்ற கொள்கையை நமது சட்டசபை ஏற்றுக்கொண்டுவிட்டது. அந்தக் கொள்கையைப் பழைய கணக்குகளுக்கும் விரிவுபடுத்த வேண்டும். 1892ஆம் வருஷத்து உத்தரவின்படி வழங்கப்பட்ட நிலங்களின் ஜாபிதாவைக் கிராமவாரியாகத் தமிழில் வெளியிட்டு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீசிலும் வைக்கவேண்டும். 2005ஆம் வருஷத்துத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஏழை ஒருவன் மனு எழுதிக் கேட்டுத்தான் இதைப் பெறவேண்டும் என்பது நியாயமன்று. தேசபக்தர்களாகிய வாசகர்களும், முக்கியமாக எமது சகோதர வக்கீல்களும், தங்கள் கிராமத்து ரிஜிஸ்தரைத் தங்கள் முன்னோருக்காகப் புரட்டும்போது, அதே நாளில் அடுத்த தெருக்காரனுடைய முன்னோருக்காகவும் ஒருமுறை புரட்டிப் பார்ப்பார்களாக.

பெரியவருக்கு நாம் சொன்ன பதில் இதுதான். அவர் பாட்டனாரின் பெயர் அகப்படவில்லை. ஆனால் ஏரிக்குக் கிழக்கேயுள்ள மேட்டு நிலத்துக்கு எதிரே, ‘ஏ’ ரிஜிஸ்தரின் குறிப்புக் கலத்தில், தாழ்த்தப்பட்ட வகுப்பாருக்கு நிபந்தனையின் பேரில் வழங்கப்பட்டது என்று எழுதியிருந்தது. அந்த நிலம் இன்று வேறு கையில் இருக்கிறது. அவருடைய தகப்பனார் சாகும்வரை சொன்னது மெய்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பெயர் இல்லாவிட்டாலும் எங்களுக்குக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறதல்லவா? அந்தப் பக்கத்துக்கு ஒரு நகல் எடுத்துக் கொடுங்கள் ஐயா” என்றார்.

நகல் வாங்கிக் கொடுத்தோம். மனுவும் எழுதியாகிவிட்டது. எமது பாட்டனாருக்குக் களத்தில் நெல் அளந்து குவித்தவரின் பேரன் தமது சுதந்திரத்தைக் கேட்கிறார். அந்தச் சொல்லுக்கு ஓலைக்கணக்கில் என்ன பொருளோ, அதே பொருளில்தான் கேட்கிறார். அதை அளந்து கொடுக்கும் பொறுப்பு நம்மெல்லோருடையதுமாகும்.